அக்கா வாங்கிய இத்தாலிக் கார்

என் அக்கா பிரசவ டாக்டர். ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்னதாக ஒரு ஆஸ்பத்திரியைச் சொந்தமாக நடத்தினாள். நான் ராஜபாளையத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பஸ் ஏறினால் அரை மணி நேரத் தூரம்தான். ஆனாலும் பார்க்க வேண்டுமென்றால் நான்தான் போக வேண்டும். அவள் எங்கள் வீட்டுக்கு வந்தால் பாதிச் சாப்பாட்டில் போன் வரும். கையைக் கழுவிக்கொண்டு கிளம்பிவிடுவாள். கல்யாணம் ஏன் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம் "நேரம் கெடைக்கல" என்பாள். கேட்டவர்கள் சிரிப்பார்கள். அவள் சிரிக்க மாட்டாள்.

அம்மா கடைசிவரை அவளோடுதான் இருந்தாள். அம்மா போன மறுவருஷம் அக்கா அந்தக் காரை வாங்கினாள். இத்தாலியில் செய்தது. இரண்டு பேர்தான் உட்காரலாம். எஞ்சின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். இத்தாலிக் கார் என்றதும் எல்லாரும் சிவப்பை நினைக்கிறார்கள். இது நீலம், பள்ளிக்கூடத்தில் நாங்கள் பேனாவுக்கு ஊற்றிய மையின் நீலம்.

அந்த ஆசை அவளுக்குள் எப்போது நுழைந்தது என்று எனக்குத் தெரியும். பல வருஷங்களுக்கு முன்னால், ஆபரேஷன் முறை ஒன்றைக் கற்றுக்கொள்ள இத்தாலிக்குப் போயிருந்தாள். சொல்லிக்கொடுத்தவர் ஒரு வயதான பெண் டாக்டர். கடுகடுப்பானவராம். ஊர் திரும்பும் முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை, அக்காவைத் தன்னுடைய பழைய காரில் உட்காரவைத்து மலைப்பாதையில் கூட்டிப் போயிருக்கிறார்.

"அந்தம்மா வார்டுல சிரிச்சு நான் பாத்ததே இல்லட்டி. கார எடுத்ததும் பாட ஆரம்பிச்சிருச்சு. வளைவுக்கு வளைவு பாடுது. எனக்குப் பயமா இருந்துச்சு. ஆனா எறங்கவும் மனசில்ல."

ஊருக்கு வந்து வாய் ஓயாமல் சொன்னது அந்தக் காரைப் பற்றி மட்டும்தான். பிறகு அதை மறந்துவிட்டாள் என்றே நினைத்திருந்தேன்.

கொச்சியில் ஒருவர் வாங்கி, அதிகம் ஓட்டாமல் வைத்திருந்த கார் அது. எடுத்து வரப் போனபோது என்னைத் துணைக்கு அழைத்தாள். ஆரியங்காவு வளைவுகளில் ஏறும்போது எஞ்சின் சத்தம் என் பிடரியிலேயே கேட்டது. அக்காவை ஓரக்கண்ணால் பார்த்தேன். அவள் தோள்கள் இறங்கியிருந்தன. அவளுக்குத் தோள் எப்போதும் காதுக்குப் பக்கத்தில் தூக்கியே இருக்கும். அது அவளுடைய உடல்வாகு என்று நினைத்திருந்தேன். அப்படி இல்லை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

செங்கோட்டையில் டீ குடிக்க நிறுத்தினாள். அத்தனை தாழ்வான இருக்கையிலிருந்து சேலையோடு எப்படி இறங்குவது என்று எனக்குத் தெரியவில்லை. முதலில் கையை ஊன்றி, பிறகு முழங்காலை ஊன்றி, ஏறக்குறைய தவழ்ந்து வெளியே வந்தேன். டீக்கடையில் இருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார்கள். அக்கா கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். அம்மா இறந்தபிறகு அவள் அப்படிச் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

அப்புறம் அந்தக் காரோடு வாழ்வது எப்படி என்று அவள் கற்றுக்கொள்ள வேண்டியிருந்தது. கேரளா நம்பரை மாற்ற அலைந்தாள். நம் பக்கத்து வேகத்தடைகள் லாரிக்கும் டிராக்டருக்கும் போட்டவை. இந்தக் காருக்கு அவை மலை. மூக்கைத் தூக்க ஒரு பொத்தான் இருந்தது. அதை அழுத்தி, காத்திருந்து, குறுக்குவாட்டில் ஆமைபோல ஏறி இறங்க வேண்டும். அதற்குள் பின்னால் மினி பஸ்காரர் ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பார். எலி ஒயரைக் கடித்துவிட்டால் உள்ளூரில் யாரும் தொட மாட்டார்கள். லாரியில் ஏற்றி மறுபடி கொச்சிக்கே அனுப்ப வேண்டும். போனது எப்போது வரும் என்று சொல்ல முடியாது, ஏனென்றால் சாமான் இத்தாலியிலிருந்து வர வேண்டும். வீட்டுக்கு வரும் மயில்கள் அதன் பளபளப்பில் தங்களையே பார்த்துக் கொத்தின. மழைக்கும் வெயிலுக்கும் மயிலுக்கும் சேர்த்துத் தடித்த உறை ஒன்றைத் தைத்துப் போட்டாள். வெயில் காலத்தில் கடைத்தெருவில் மாட்டிக்கொண்டால் முதுகு வெந்துபோகும். காய்கறிப் பையை வைக்கக்கூட இடம் கிடையாது.

"இதுக்கு ஒரு யானைய வாங்கியிருக்கலாம்" என்றார் என் வீட்டுக்காரர்.

"யானை சொன்ன பேச்சக் கேக்கும்" என்றாள் அக்கா.

விடிகாலையில் மட்டும்தான் அவள் அதை எடுப்பாள். கிருஷ்ணன்கோவில் வரைக்கும் பெரிய ரோடு. அங்கிருந்து வத்திராயிருப்புப் பாதையில் திரும்பினால் இரண்டு பக்கமும் வயலும் தென்னையும், முன்னால் மலை. சுந்தரபாண்டியம் தாண்டிக் கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்புவாள். காலேஜ் பஸ்கள் கிளம்புவதற்குள் கார் வீட்டுக்கு வந்துவிடும். சில சனிக்கிழமைகளில் நானும் போனேன்.

"அப்படி என்னதான்க்கா இருக்கு இதுல?" என்று ஒருநாள் கேட்டேன்.

வண்டியை ஒரு புளியமரத்தடியில் நிறுத்தினாள்.

"வார்டுல நான் செய்யறதுல பாதிதான் எங் கையில இருக்கு. மீதி அந்தப் பொண்ணு ஒடம்புல இருக்கு, அதுக்கும் மேல என்னென்னத்துலயோ இருக்கு. இது அப்பிடி இல்லட்டி. நான் எம்புட்டுத் திருப்புறனோ அம்புட்டுத்தான் திரும்பும். செத்த நேரம் அப்பிடி இருந்துட்டு வாரேன். வேற ஒண்ணுமில்ல."

கார் வந்த சில மாதங்களிலேயே ஊருக்கெல்லாம் அது தெரிந்துபோனது. ஊரில் இரண்டு தேர், ஒன்று ஆண்டாளுக்கு, இன்னொன்று டாக்டரம்மாவுக்கு என்று கேலி பேசினார்கள். அது எங்களுக்கே பிடித்திருந்தது. பிறகு பைக்கில் வந்த பையன்கள் காரைத் துரத்திப் படம்பிடித்து, பாட்டுப் போட்டு, செல்போன்களில் பரப்பினார்கள். என் வகுப்புப் பிள்ளைகளே காட்டினார்கள். கீழே எழுதியிருந்ததையும் படித்தேன். வயிற்றைக் கிழித்துச் சம்பாதித்தது என்று ஒருவர். சிசேரியன் கார் என்று ஒருவர். அக்கா முடிந்த மட்டும் சுகப்பிரசவத்துக்குத்தான் காத்திருப்பாள். பல இரவுகள் வார்டு பெஞ்சிலேயே படுத்திருப்பாள். அந்தப் பேச்சை அவளிடம் நான் கொண்டுபோகவில்லை. ஆனால் அவள் ஒருபோதும் காரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகாததைப் பார்த்தால், அவளுக்கும் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். வேலைக்குப் போக அவளிடம் ஒரு பழைய வெள்ளைக் கார் இருந்தது.

ஒரே ஒருநாள் மட்டும் நீலக் காரோடு அங்கே போனாள்.

அன்று காலையில் அவள் சுந்தரபாண்டியம் பக்கம் இருந்தபோது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. முந்தின நாள் மாலை சேர்ந்த தலைப்பிரசவப் பெண். வலி திடீரென்று அதிகமாகி, குழந்தையின் துடிப்பு குறைகிறது என்று நர்ஸ் சொல்லியிருக்கிறாள். வீட்டுக்குப் போய் வண்டி மாற்ற நேரமில்லை. அக்கா நேராக ஆஸ்பத்திரிக்கு வந்து, வாசலிலேயே காரை நிறுத்திவிட்டு உள்ளே ஓடினாள். வேறெந்த வண்டியானாலும் அவ்வளவு சீக்கிரம் வந்திருக்க முடியாது. குழந்தை பிழைத்தது அதனால்தான்.

தாய்க்குத்தான் ரத்தம் நிற்கவில்லை. கர்ப்பப்பை சுருங்கவில்லை, ரத்தம் உறையவில்லை. மருந்து, தையல், கையிருப்பில் இருந்த ரத்தம் எல்லாம் கொடுத்துப் பார்த்தும் நிற்கவில்லை. மதுரைக்குக் கொண்டுபோனால் இன்னும் ரத்தம் கிடைக்கும், ஆளும் வசதியும் கிடைக்கும். அக்கா அந்தப் பெண்ணோடு ஆம்புலன்ஸில் ஏறினாள். அவளுடைய புருஷனும் ஏறிக்கொண்டான். வழி முழுவதும் அக்கா கையை எடுக்காமல் அழுத்திப் பிடித்துக்கொண்டே இருந்தாளாம். கல்லுப்பட்டி தாண்டியதும் அந்தப் பெண் இறந்துபோனாள்.

எனக்கு அதெல்லாம் அப்போது தெரியாது. ஆஸ்பத்திரிக்கு எதிரே மருந்துக்கடை வைத்திருக்கும் பாய்தான் எனக்குப் போன் செய்தார்.

"டீச்சரம்மா, செத்த வந்துட்டுப் போறீகளா? டாக்டரம்மா மதுரைக்குப் போயிருக்காக. இங்க ஆளு கூடிக்கிட்டே இருக்கு. அவிய காரு வேற வாசல்ல நிக்குது."

நான் போய்ச் சேர்ந்தபோது அந்தப் பெண்ணின் ஊர்க்காரர்கள் வேன்களில் வந்து இறங்கியிருந்தார்கள். யாரும் சத்தம் போடவில்லை. காரைச் சுற்றித்தான் நின்றார்கள். வேறு நிற்க இடமும் இல்லை. வாசலை அடைத்தபடி அது நின்றது. காவலாளியிடம் சாவி இருந்தது.

"எடுத்து ஓரமா விடுங்களேன்" என்றேன்.

"எனக்கு இத எடுக்கத் தெரியாதும்மா. எப்படித் தொறக்கிறதுன்னே தெரியாது" என்றார்.

எனக்கும் தெரியாது. ஊரில் அக்காவைத் தவிர யாருக்கும் தெரியாது.

பாய் என்னைக் கடைக்குள் கூப்பிட்டு, "இங்கன இருங்க, வெளிய போகாதீக" என்று ஸ்டூலைப் போட்டார். சற்று நேரத்தில் கூட்டத்தில் ஒருவனுக்குப் போன் வந்தது. அவன் கேட்டான். போனைக் காதிலிருந்து எடுக்காமலே தரையில் உட்கார்ந்தான். அவன் இறந்த பெண்ணின் தம்பி என்று பாய் சொன்னார். பாய் ஷட்டரைப் பாதிக்கு இறக்கினார்.

அந்தத் தம்பிதான் முதலில் அடித்தான். கேட்டுக்கு முட்டுக்கொடுத்திருந்த செங்கல்லை எடுத்து முன்கண்ணாடியில் போட்டான். அது உடனே உடையவில்லை, சிலந்திவலை மாதிரி கோடு விட்டது. அதன்பிறகு யார் எதைச் செய்தார்கள் என்று பிரித்துச் சொல்ல முடியாது. கம்பி வந்தது, கட்டை வந்தது. ஆஸ்பத்திரிக் கண்ணாடியில் ஒன்றைக்கூட அவர்கள் தொடவில்லை. நர்ஸ்களைத் தொடவில்லை. அவர்களுடைய பெண் செத்ததற்கு எதிரில் நின்ற ஒரே சாட்சி அந்தக் கார்தான் என்பதுபோல அதை மட்டும் அடித்தார்கள்.

எனக்கு மறக்காதது அந்தப் பெண்ணின் தாய். கூட்டம் ஓய்ந்தபிறகு அவள் வந்தாள். மெலிந்த, கறுத்த பெண். என் வயதுதான் இருக்கும். கையில் ஒன்றும் இல்லை. காரின் முன்பக்கத்தில் வெறும் கையால் அடித்தாள். மாரில் அடிப்பதும் காரில் அடிப்பதுமாக மாறி மாறி அடித்தாள்.

"இம்புட்டு அழகா ஒரு காரு. இம்புட்டு அழகா ஒரு காரு. எம் புள்ளையக் குடுத்தா வாங்குனீக இத?"

ஷட்டருக்கு அடி வழியாக அவளையும் காரின் நீலத்தையும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அக்கா எவ்வளவு வேகமாக வந்தாள் என்று அவளிடம் போய்ச் சொல்ல வேண்டும்போல இருந்தது. சொன்னாலும் அவளுக்கு அதை வைத்து என்ன செய்ய முடியும்? பாய் ஒரு டம்ளரில் தண்ணீர் கொடுத்தார். குடித்தேன்.

போலீஸ் வந்து கூட்டத்தை அனுப்பியபிறகு, பொழுது சாயும் நேரத்தில் அக்கா அதே ஆம்புலன்ஸில் திரும்பி வந்தாள். உடையெல்லாம் ரத்தம் காய்ந்து விறைத்திருந்தது. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன். கண்ணாடித் துண்டுகளைப் பார்த்து, கவனமாக மிதிக்காமல் சுற்றி நடந்தாள். காரைப் பார்க்கத் தலையைத் திருப்பவில்லை.

"புள்ள எங்கட்டி?" என்றாள்.

குழந்தை உள்ளேதான் இருந்தது. அந்தக் கலவரத்தில் அதை யாரும் கேட்கவில்லை. ஒரு நர்ஸ் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு மடியில் வைத்திருந்தாள். பெண் குழந்தை. அக்கா கையை முழங்கை வரைக்கும் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, அதன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப் வைத்துக் கேட்டாள். கண்ணை விரித்துப் பார்த்தாள். கால்விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தாள். "நல்லாருக்கு" என்று நர்ஸிடம் சொன்னாள். பிறகு சுவரோரம் தரையில் உட்கார்ந்தாள். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவள் தோள் என் தோளில் படும்போது மரக்கட்டைபோல இருந்தது.

மறுநாள் குழந்தையின் அப்பா வந்து வாங்கிக்கொண்டு போனான். வாசலில் உடைந்து நின்ற காரை அப்போதுதான் பார்த்தான் போல. நின்று, அக்காவைத் திரும்பிப் பார்த்தான். துணியை இழுத்துக் குழந்தையின் முகத்தை மூடிக்கொண்டு இறங்கிப் போனான்.

போலீஸ்காரர் புகார் எழுதித் தரச் சொன்னார். எழுதிக் கொடுத்தால்தான் இன்சூரன்ஸ் கிடைக்கும் என்று எடுத்துச் சொன்னார். "யார் ஒடச்சதுன்னு சொல்லுங்கம்மா."

"நான் பாக்கல" என்றாள் அக்கா.

அவர் என் பக்கம் திரும்பினார். அக்கா என்னைப் பார்க்கவில்லை, ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தத் தம்பியின் முகம் எனக்கு நன்றாக நினைவிருந்தது.

"நெறைய பேரு நின்னாங்க. எனக்கு யாரையும் தெரியாது" என்றேன். முதலில் சொன்னது உண்மைதான்.

விசாரணை நடந்தது. மருத்துவத்தில் தவறு இல்லை என்று முடிவானது. சொன்னவர்கள் நல்லவிதமாகத்தான் சொன்னார்கள். அக்கா அந்தக் காகிதத்தை மடித்து எங்கேயோ வைத்தாள். பிறகு நான் அதைப் பார்க்கவில்லை. கொஞ்ச காலம் வழக்கம்போல ஆஸ்பத்திரிக்குப் போனாள். பிரசவம் பார்த்தாள். வேலை குறையவில்லை. ஆனால் ஒவ்வொரு குழந்தை பிறந்ததும் தாய் பக்கத்திலேயே மணிக்கணக்காக உட்கார்ந்துவிடுகிறாள், வீட்டுக்குப் போகச் சொன்னாலும் போவதில்லை என்று நர்ஸ்கள் என்னிடம் சொன்னார்கள். அந்த வருஷம் மழைக்காலம் முடிவதற்குள் பிரசவ வார்டை மூடினாள். இப்போது காலையில் மட்டும் மாசமான பெண்களைப் பார்க்கிறாள். மாதம் நெருங்கியதும் வேறு டாக்டருக்குச் சீட்டு எழுதி அனுப்புகிறாள்.

கார் அவள் வீட்டுக் கொட்டகையில் அந்த உறைக்குள் கிடந்தது. சரிசெய்து தருகிறோம் என்று கொச்சியிலிருந்து அழைத்துச் சொன்னார்கள். முன்கண்ணாடி, விளக்கு, கதவு எல்லாம் இத்தாலியிலிருந்து வரவழைக்க வேண்டும், ஆனால் பழையபடி ஆகிவிடும் என்றார்கள்.

"பழையபடி ஆக்கி நான் என்ன செய்ய?" என்று என்னிடம் கேட்டாள். "அதுல ஏறி உக்காந்தா அந்தப் பொண்ணுதான் நெனப்புக்கு வரும். எதையும் நெனைக்காம இருக்கத்தான அத வாங்குனேன்."

கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் உடைந்தபடியே எடுத்துக்கொள்ள முன்வந்தார். அவர் அனுப்பிய லாரி வந்த அன்று நான் லீவு போட்டுவிட்டுப் போயிருந்தேன். அக்கா வெளியே வர மாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். ஏற்றுகிறவர்களிடம், சங்கிலியை எந்த இடத்தில் மாட்ட வேண்டும், எந்த இடத்தில் மாட்டினால் வளையும் என்று நிதானமாகச் சொன்னாள். லாரி தெருமுனை திரும்பியபிறகும் கொஞ்ச நேரம் வாசலில் நின்றாள். "சாப்பிட்டுட்டுப் போ" என்று என்னிடம் சொல்லிவிட்டு உள்ளே போய் இலையை எடுத்துப் போட்டாள். அன்று பாதிச் சாப்பாட்டில் போன் எதுவும் வரவில்லை. இரண்டு பேரும் கடைசிவரைக்கும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

போன மாதம் ஒருநாள் அவளைப் பார்க்க ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பஸ்ஸில் போனேன். மடவார்வளாகம் நெருங்கும்போது கூட்டத்தோடு ஒரு பெண் இடுப்பில் குழந்தையோடு ஏறினாள். பார்த்ததும் தெரிந்துகொண்டேன், காரில் அடித்து அழுத அந்தத் தாய். அவளுக்கு என்னைத் தெரியாது. நிற்கத் தடுமாறினாள். "பிள்ளையக் குடுங்க" என்று கையை நீட்டினேன். கொடுத்தாள். குழந்தை முகத்தைச் சுளித்து, என் கண்ணாடியைப் பிடித்து இழுத்தது.

"பேத்தியா?"

"ஆமாக்கா. தாயில்லாப் புள்ள. எங்கிட்டத்தான் கெடக்கு."

கம்பியைப் பிடித்திருந்த அவள் கையைப் பார்த்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். பஸ் ஸ்டாண்டில் குழந்தையை வாங்கிக்கொண்டு, "வாரேன்க்கா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனாள்.

அக்காவிடம் சொல்ல வேண்டாம் என்றுதான் நினைத்துக்கொண்டு போனேன். ஆனால் கடைசி நோயாளியை அனுப்பிவிட்டு அவள் கை கழுவிக்கொண்டிருக்கும்போது சொல்லிவிட்டேன். குழாயை மூடாமல் நின்றாள்.

"நடக்குதா?"

"இடுப்புலதான் இருந்துச்சு. தெரியல."

"பல்லு?"

"மேல ரெண்டு, கீழ ரெண்டு பாத்தேன்."

"எட எம்புட்டு இருக்கும்ட்டி?"

"மடியில வச்சிருந்தேன். கனமாத்தான் இருந்துச்சுக்கா. கால் மரத்துப்போச்சு."

அக்கா தலையை ஆட்டினாள். குழாயை மூடிவிட்டு, துண்டில் கையைத் துடைத்தாள். காய்ந்தபிறகும் வெகுநேரம் துடைத்துக்கொண்டே இருந்தாள்.